கரையில் கட்டிய பாய்மரம்

அப்பா கப்பல் கட்டிய கதையைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் சிரிக்காத ஆள் இல்லை. தேயிலை மலையில் புல்வெட்டுகிற மனுஷனுக்குப் பாய்மரம் எதற்கு? எல்லாம் அம்மாவுக்காகத்தான்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் பிறந்த லயத்து வரிசை வீடு மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் அக்கரையில் இருந்தது. இங்கே இருந்த காலத்தில், பொழுது சாய்ந்தால் அங்கே எரியும் விளக்குகளைப் பார்த்தபடி நிற்பாள். அப்பா கப்பல் கட்டிய மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாளா, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாளா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் போனில் சொல்ல வேண்டும். நானோ அவளுடைய பழைய சட்டையை மோந்து பார்த்துத்தான் தூங்குவேன். அவ்வளவு ஏக்கம்.

அவளை அக்கரைக்குப் பாய் விரித்துக் கூட்டிப் போவதாக அப்பா போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். மீன் பிடிப்பவர் ஒருவரிடம் பழைய படகை இரவல் வாங்கினார். பாய்மரம் கட்டுவதை யாரிடம் கேட்பது? கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி மூங்கில் நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். அதே மாதிரி கரையோரத் தண்ணீரில் நின்ற படகில் மூங்கிலை நிறுத்தி, மூணு நாலு கயிறு இழுத்து, கரையிலிருந்த சவுக்கு மரங்களில் கட்டிவிட்டார்! கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குகளைத் தைத்துப் பாயாக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது. பாய் புடைத்தது. அடேயப்பா, என்ன அழகு! வீடியோவில் அம்மா பார்க்கும்படி நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“ஏங்க, நெசமாவே கட்டிட்டீங்களா? பாத்தா இப்பவே வந்துறணும் போல இருக்குங்க,” என்றாள் அம்மா.

“வந்துரு.” அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“எங்க, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க பாப்போம்.”

கரையில் கட்டிய படகு எப்படி ஓடும்? அப்பாவுக்கே அப்போதுதான் உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டே கயிறுகளை அவிழ்த்தார். மூங்கில் பாயோடு தண்ணீரில் சாய்ந்தது.

அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்து முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, “இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்றேங்க. புள்ள படிப்பு இருக்குல்ல? அதுக்குள்ள நல்லாக் கட்டி வைங்க,” என்றாள்.

“சரி,” என்றார் அப்பா.

நான் கைதட்டிக் குதித்தேன். கப்பலைச் சரியாகக் கட்ட எங்களுக்கு இரண்டு வருடம் கிடைத்துவிட்டதே! நனைந்த பாயை இழுத்தெடுத்து, சொட்டு நின்ற பிறகும் அப்பா ஏன் அந்தப் படங்கைப் பிழிந்துகொண்டே இருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.