அப்பாவின் செருப்பில் எழுதிய பரீட்சை

நேற்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர் பார்த்தேன். நீட் கோச்சிங் சென்டர் வைத்தது. வரிசையாகப் பிள்ளைகளின் தலைகள். ஒவ்வொரு தலைக்கும் கீழே மார்க், பேரைவிடப் பெரிதாக. எந்தப் பிள்ளை எத்தனையாவது தடவை எழுதியது, அதற்கு அப்பன் எவ்வளவு கொட்டினான் என்பதை மட்டும் போடவில்லை. போட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

பேனருக்குக் கீழே ஒருவர் பிய்ந்த ஷூவுக்கு சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்தால் எனக்கு எஸ்தர் வீட்டு ஞாபகம் வந்துவிடும். பக்கத்து வீடு, ஒரே வகுப்பு. அவள் அப்பா ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் சட்டை, துண்டு, சாப்பாட்டு டப்பா எல்லாம் அதே வாசனைதான். எஸ்தர் எப்போதும் வகுப்பில் முதல். நான் எத்தனையாவது என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அவளுக்கு டாக்டராக வேண்டும். வேறு ஆசையே கிடையாது. நீட் பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போக, அவள் அப்பா தன் கையாலேயே ஒரு ஜோடி கறுப்பு ஷூ தைத்துக் கொடுத்தார். ஷூ கூடாது என்று ஹால் டிக்கெட்டில் போட்டுத்தான் இருந்தது. எல்லோரும் படித்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஷூ தைத்துச் சோறு தின்னும் ஊர் இது. நல்ல காரியத்துக்கு நல்ல ஷூ போடாதே என்று ஒருத்தன் சொல்வான் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

வேலூரில் பரீட்சை நடந்த இடத்துக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஷூவக் கழட்டும்மா. செருப்பு இருந்தா போட்டுட்டு வா."

"நானே தச்சது சார்," என்றார் அவள் அப்பா. "உள்ள ஒண்ணும் இல்ல. வேணும்னா அறுத்துக் காட்டட்டுமா?"

"பேஜார் பண்ணாதய்யா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி மகள் முன்னால் தள்ளினார். "போட்டுக்கம்மா. டாக்டரம்மா காலுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான், இன்னா பண்றது."

எஸ்தர் சிரித்துவிட்டாள். செருப்பை இழுத்து இழுத்து உள்ளே போனாள். பரீட்சை முடியும்வரை அவர் மே மாத வெயிலில் வெறுங்காலோடு கால் மாற்றி மாற்றி நின்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டில் அவள்தான் பள்ளியில் முதல். நீட்டில், கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு என்ன மார்க் வருமோ அது வந்தது. சீட் இல்லை. இதற்குப் பெயர் தகுதியாம். மண்ணாங்கட்டி. இரண்டு வருடம் படித்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மத்தியானம் வட்டத்தைக் கறுப்பாக்கியதை வைத்துத் தகுதி பார்க்கிறார்கள். நீட்டுக்கு முன்பு பார்த்த பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் யோக்கியமில்லைதான். பிள்ளைகளைக் கோழி மாதிரி அடைத்து வைத்து அதை விளைவித்த பள்ளிகள் இருந்தன. ஆனாலும் அந்த மார்க்கை வைத்து எங்கள் தெருவிலிருந்து ஒரு அக்கா டாக்டர் ஆனார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பிற்பாடு வந்த ஒதுக்கீடும் எங்களுக்குக் கிடையாது. எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி.

"இன்னொரு தடவ எழுதேண்டி," என்றேன்.

"எழுதுறேன். நீ சாப்பாடு போடு," என்றாள். அடுத்த மாதமே கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் டாக்டர் ஆவேன் என்று கூச்சமில்லாமல் சொல்லும். இந்த வருடம் எஸ்தரின் தங்கை பள்ளியில் முதலாவதாக வந்தாள். பயாலஜியில் முழு மார்க். இன்னா படிக்கப் போறே என்று கேட்டேன்.

"பி.காம்.க்கா."

"நீட்?"

"அதெல்லாம் நம்மளுக்கு இன்னாத்துக்குக்கா?"

எஸ்தர் அங்கேதான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நிமிரவே இல்லை.