தந்த நிற ஸ்டியரிங்

ஈரக் குங்குமத்தின் வாசம் வந்தால் இன்றும் எனக்கு ஒரு கார் ஷெட்தான் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் துடியலூரில் அப்பா டிரைவராக இருந்த மில் முதலாளியின் ஷெட்டில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் செய்த கறுப்புக் கார் நிற்கும். உள்ளே தோல் சீட்டின் மணம், வெடிப்பு விழுந்த தந்த நிற ஸ்டியரிங். காரில் விரல் தடம் பட்டதற்கே பழைய டிரைவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டவர் முதலாளி. ஆயுத பூஜையன்று சக்கரங்களுக்குப் பொட்டு வைத்த நான், ஸ்டியரிங்குக்கும் வைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு வெடிப்புக்குள் இறங்கியது.

"அங்கயுமா வெச்சுப்போட்ட, கண்ணு?" அப்பா தன் துண்டால் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தார்.

முதலாளி பின்கதவைத் திறந்து ஏறினார். "போலாமாப்பா?"

"போலாமுங்க."

அப்பா கறையை உள்ளங்கையால் மூடினார். கேட்டைத் தாண்டும் வரை கை நகரவேயில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நேற்று ஆயுத பூஜைக்கு என் சொந்தக் காரின் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்தேன். பின்கதவு திறந்த சத்தத்தில் என் உள்ளங்கை தானாக அதை மூடியது.

ஏறியது அப்பாதான்.