பெற்றவளிடம் கேட்கக்கூடாத கேள்வி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் அஞ்சலையம்மாவின் குரல். “சார், நம்ம மெஹரம்மா போய்ட்டாங்க சார்.” அப்படியே அவர் ஊரான கோட்டக்குப்பத்துக்கு வண்டி ஏறிவிட்டேன்.

மெஹருன்னிசா அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் துபாயில் இறந்த பிறகு, தனக்கான உதவித்தொகைக்காக அலைந்த அலைச்சலிலேயே மனு எழுதக் கற்றுக்கொண்டவர். பிறகு ஊர் ஊராகப் போய்க் கைம்பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. தப்பு என் பக்கம்தான்.

நான் பணியில் இருந்தபோது அஞ்சலையம்மா முதியோர் உதவித்தொகை கேட்டிருந்தார். விசாரணைக்குப் போன நான், தெருக்குழாயடியில் பத்துப் பேர் எதிரில், “புள்ள பாத்துக்கிறானா?” என்று கேட்டேன். “எம் புள்ளையா? ராசாத்தி மாதிரி வெச்சிக்கினு இருக்கான் சார்!” என்றார். ‘மகன் ஆதரவில் வாழ்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனு தள்ளுபடி.

மறு வாரமே மெஹரம்மா என் மேசை முன் வந்து நின்றார். “அந்தம்மா சொன்னதத்தான் எழுதினேன். எனக்கே வேலை கத்துக்குடுக்க வந்துட்டீங்களா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் அசரவில்லை.

“நீங்க எழுதினது பொய்யில்ல சார். கேட்டதுதான் தப்பு. நாலு பேரு நிக்கிற எடத்துல பெத்தவ புள்ளைய விட்டுக்குடுப்பாளா? ஜல்தி செருப்ப மாட்டுங்க, வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்.”

போனோம். மெஹரம்மா மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நேத்து என்னா ஆக்கினீங்க?” என்றார். அஞ்சலையம்மா, பக்கத்து வீட்டில் கொடுத்த கேப்பைக் கூழை எனக்கு ஊற்றி நீட்டினார். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. மகன் திருப்பூர் போய் மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அழுகைக்கு நடுவே வந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே அறிக்கையைப் புதிதாக எழுதினேன். உதவித்தொகை கிடைத்தது.

அஞ்சலையம்மா காலில் விழப் போக, மெஹரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு எதுக்குக் கும்புடு? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுறீங்க இல்ல? ஒழைக்க முடியாத காலத்துல அந்த வரிப்பணம் உங்களப் பாத்துக்கணும், அவ்ளோதான்.”

விசாரணையில் மனுதாரரை வீட்டுக்குள் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று மெஹரம்மா திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் வருஷக்கணக்காக மனுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இப்போது பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். எந்தச் சட்டமும் மாறவில்லை. ஒரு கேள்வி மாறியது, பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

கோட்டக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாரும் வெளியூர்ப் பெண்கள். அஞ்சலையம்மா சத்தமாகவே அழுதார்: “எம் புள்ள எனக்குச் சோறு போடல! ஊரறியச் சொல்றேன், எனக்கென்னா வெக்கம்? இந்தம்மா போட வெச்சாங்க!”

என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் யாரும் போடல சார்.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மெஹரம்மா, நிம்மதியா போய்ச் சேருங்க. உங்க வாசல்லியே குந்திக்கினு மனு எழுதறேன்.