மூக்கு சாரின் மூன்று பக்கங்கள்

ஆராய்ச்சி அலுவலகத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மூணு பக்கம்’ என்று கேட்டால் வாசல் காவலர்கூட மாடியைக் கைகாட்டுவார். மானியம் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் தம்மைப் பற்றிய குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கே படித்தார், என்ன வேலை பார்த்தார், எதைக் கண்டுபிடித்தார், இந்த வேலைக்கு இவர்தான் தகுந்தவர் என்று எப்படி நம்புவது, எல்லாம் மூன்று பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு வரி கூடினாலும் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாடாய் உழைத்துத் தலை நரைத்தவர்கள் கட்டுக் காகிதத்தோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, தம் வாழ்க்கையில் எதை வெட்டுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள். வெட்டுவது அவள் வேலை.

அவளும் ஒரு காலத்தில் வேதியியல் ஆராய்ச்சியில் சேர்ந்தவள்தான். இரண்டாம் வருடத்தில் அப்பா படுத்த படுக்கையானார். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டில் யாராவது ஒருத்தர் சம்பளம் வாங்கியாக வேண்டும். தற்காலிகமாக என்று சொல்லி அலுவலகத்தில் தட்டச்சுக்குச் சேர்ந்தவள் அங்கேயே வேரூன்றிவிட்டாள். கல்யாணம் தள்ளிப்போய், பிறகு பேச்சே நின்றுபோனது. அதைப் பற்றி அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. பொய்யை மட்டும் சட்டென்று மோப்பம் பிடிப்பாள் என்று ஆராய்ச்சியாளர்கள் அவளிடம் கொஞ்சம் பயந்தார்கள். ‘தலைமை தாங்கினேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், தாங்கினாரா, கூட நின்றாரா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சு செய்வாள். குறிப்பின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடும் இடம் இருந்ததே காரணம்.

அந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் அவள் அத்தானும் ஒருவர். அக்கா கணவர். கழிவுநீர்க் குழாய்களில் சேரும் விஷவாயுவைப் பற்றி ஆராய்கிறவர். உள்ளே இறங்கும் தொழிலாளிகளின் இடுப்பில் மாட்டிக்கொள்ள, கைக்கடக்கமான, தப்பாக அலறாத ஒரு எச்சரிக்கைக் கருவி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. இப்போதிருந்த கருவிகள் எல்லாம் காற்றடித்தாலே கத்தின. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயுவைக் கருவிக்கு முன்னால் தம் மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்குப் பேர். ஒருமுறை குழியின் வாயில் குனிந்தவர், உள்ளே காலை வைத்துவிட்ட இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து தொழிலாளிகளுக்கு அவர் ‘மூக்கு சார்’.

குறிப்பெழுத அவர் வந்த அன்று அலுவலகத்தின் பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜன்னலை மூடியும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மேலதிகாரி மதியமே தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். அத்தான் மட்டும் சாவகாசமாக உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ரொட்டி சாப்பிட்டார்.

இந்த நாற்றத்தில் சாப்பாடு எப்படித்தான் இறங்குகிறதோ என்று அவள் கேட்டாள். தொழிலே அதுதானே, பழகிப்போச்சு என்றார் அவர். நியாயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வேலைக்கு அவர் ஏன் தகுந்தவர் என்ற பகுதிக்கு அந்தப் பழைய கதையையே போடச் சொன்னார். நாற்றத்தை வைத்தே ஆபத்தின் அளவைச் சொல்லக்கூடியவர், இன்றும் குழுவோடு தாமே களத்துக்குப் போகிறவர் என்று அவள் எழுதினாள். இந்த வருடம் எங்கெல்லாம் இறங்கினீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டாள். அவர் கொஞ்சம் மென்று விழுங்கினார். அங்கங்கே போனோம் என்றார். அவள் பேனா அந்த இடத்தில் நின்றது. சொந்த மனிதரைக் குடைவானேன் என்று மேலே போனாள்.

வார விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். விடுமுறை நாளிலும் பாதி நாள் கடை உண்டு. அத்தான் தேநீர் போட்டுக் கொடுத்தார். கோப்பையை உதட்டருகே கொண்டுபோனதுமே அவளுக்குக் குமட்டியது. பால் கெட்டுத் திரிந்து புளித்த வாடை. நிமிர்ந்து பார்த்தால் அத்தான் தம் கோப்பையை முடித்துவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்ததும் பாத்திரத்தைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். “இதையா குடிச்சீங்க? ஊர் சாக்கடையெல்லாம் மோந்து பாக்கத் தெரியுது, வீட்டுப் பாலு தெரியலையா?” என்று சிரித்தாள். அத்தானும் சிரித்தார். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த ரொட்டிப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். கோப்பு எடுப்பதுபோல் எழுந்து அவர் முதுகுப்பக்கம் போய், தரை கழுவ வைத்திருந்த, வாடை தூக்கலான மருந்துப் புட்டியைத் திறந்து அவர் தோளுக்குப் பின்னால் பிடித்தாள். அவளுக்கே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தான் மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்.

புட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். மூடி இல்லாததைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“எப்பலேர்ந்து அத்தான்?”

“போன மழைக்காலம்.”

பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார். ஒரு குழாயில் இறங்கியிருந்தபோது கருவி அலறியிருக்கிறது. எத்தனையோ முறை சும்மா அலறிய கருவிதானே என்று அதை நிறுத்திவிட்டார். நாற்றம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது விட்டுப்போனது. வாயு கலைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் நாலடி உள்ளே போனார். வாயு கலையவில்லை. அளவு கூடும்போது அந்த வாயு முதலில் மூக்கைத்தான் மரக்கச் செய்யும். ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தலை சுற்றித் தட்டுத்தடுமாறி மேலே வந்து சேர்ந்தார். மற்றதெல்லாம் தெளிந்தது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று இருந்துவிட்டார். மருத்துவரிடம்கூடப் போகவில்லை.

நாற்றத்தை வைத்தே ஆபத்தைச் சொல்லக்கூடியவர் என்ற வாக்கியத்தை அவள் சிவப்பில் அடித்தாள். தாராளமாக எடுத்துவிடு என்றார் அவர்.

“வாக்கியத்த எடுத்துடலாம். குழியில எறங்குறவங்களுக்கு யாரு சொல்றது?”

“மானியம் வரட்டும், நானே சொல்றேன். இப்ப வெளிய தெரிஞ்சா கருவியும் போச்சு, நானும் போனேன். உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. அவ தாங்க மாட்டா.”

இனிமேல் கருவி இல்லாமல் யாரையும் இறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அவளும் வாயை மூடிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த நிமிடத்திலிருந்து அது நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டால் ஏதோ வேலை என்று சீக்கிரம் வைத்துவிடுவாள். வேலைக்கு நடக்கும் வழியில் இரும்பு மூடிகளை மிதிக்காமல் சுற்றிப் போனாள். முன்பெல்லாம் அவை கண்ணிலேயே பட்டதில்லை. இப்போது தெருவுக்குத் தெரு, மூடிகளாகத்தான் இருந்தன.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய வாரம், கழிவுநீர்ப் பணியின் மேஸ்திரியிடமிருந்து ஒரு சம்மதக் கையெழுத்து தேவைப்பட்டது. அவரைத் தொலைபேசியில் பிடித்தாள். பின்னால் வண்டிச் சத்தமும் கூச்சலுமாக இருந்தது. சந்தைக்குப் பின்புறச் சந்தில் நிற்பதாகச் சொன்னார். விண்ணப்பத்தில் காட்டக் குழாயிலிருந்து கழிவுநீர் மாதிரி வேண்டும் என்று சார் கேட்டாராம், மேஸ்திரியின் மருமகன்தான் இறங்கப்போகிறானாம். கருவி இருக்கிறதல்லவா என்று அவள் கேட்டாள்.

“அது பழுதுன்னு போயிருக்கும்மா. அதனால என்ன, மூக்கு சாரே நிக்கிறாரு.”

அவள் பையைக்கூட எடுக்கவில்லை. சந்தை இரண்டு தெரு தள்ளித்தான். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. தள்ளுவண்டிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு, யாரோ திட்டியது காதில் விழாமல் ஓடினாள். சந்துக்குள் திரும்பியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மீனும் அழுகிய காய்கறியும் கலந்த சந்தை நாற்றம். எதற்குள் எது ஒளிந்திருக்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூடி திறந்திருந்தது. மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகன், நல்ல வாட்டசாட்டமான ஆள், ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அத்தான் குழியின் வாயில் மண்டியிட்டுக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தார். ஒருமுறை தலையைச் சாய்த்து, இன்னொருமுறை இழுத்தார். பிறகு நிமிர்ந்து, போகலாம் என்று கையசைத்தார்.

அந்த நடிப்பை அவள் கடைசிவரை மறக்கவில்லை. அத்தனை பொருத்தமாக இருந்தது.

மருமகன் இறங்க ஆரம்பித்தான். இடுப்பு மறைந்தது, மார்பு மறைந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியதில் குரலே எழும்பவில்லை. எழும்பியபோது சந்து முழுக்கக் கேட்டது.

“அவருக்கு மூக்கு போச்சு! ஒண்ணும் தெரியாது அவருக்கு. மேல இழுங்க!”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். அத்தான் எதையும் மறுக்காமல் இருந்ததுதான் அவருக்குப் புரியவைத்திருக்க வேண்டும். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். மேலே வந்த மருமகனுக்குக் கால் நிற்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்தவன் வாந்தி எடுத்தான். கண்கள் எங்கோ மேலே செருகிப் போய், பிறகு மெல்லத் திரும்பின. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அவனை வண்டியில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூடியை இழுத்து மூட யாரும் கிட்டே போகவில்லை.

அத்தான் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தார். அவள் போய்த் தோளைத் தொட்டாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

மருமகன் பிழைத்தான். சில நாள் தலைவலி, படியேறினால் மூச்சிரைப்பு, அதோடு போயிற்று. அத்தான் மறுநாளே துறைத்தலைவரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி, திட்டத்தின் பொறுப்பிலிருந்து விலகினார். கூட வேலை பார்த்த ஒரு பெண் ஆராய்ச்சியாளர் அந்த இடத்துக்கு வந்தார். விண்ணப்பம் கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் மானியமும் கிடைத்தது. கருவி செய்யும் அறையில் ஒரு மூலையில் அத்தானுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மச்சினியோடு அவர் பேச்சை நிறுத்தினார். வழியில் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார்.

அக்கா அழுவாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அக்கா அழவில்லை. ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து நேராக வந்து, நின்றபடியே கேட்டாள்.

“தெருவுல கத்துனதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியாம அத்தன நாளு வச்சிருந்த பாரு. வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு. நான் கடைக்குப் போயிடுறேன். அந்த மனுஷன் தனியா இருக்காரு. அத நெனச்சியா நீ?”

அவள் நினைக்கவில்லை. குழிகளையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அக்கா வீட்டுச் சமையலறை தோன்றவே இல்லை. அக்கா அதற்குப் பிறகும் பேசினாள், வந்தாள், போனாள். ஆனால் எதையாவது சொல்லும்போது அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

புதிய கருவிகளில் முதல் தொகுதி தயாராகித் தொழிலாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது என்று அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். அதற்குச் சில மாதம் கழித்து, அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் தடுப்பு வைத்திருந்தது. மூடி திறந்திருந்தது. மேஸ்திரியைக் காணோம், யாரோ புது ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். குழிக்குள் இறங்க நின்றவன் அந்த மருமகன். அவளை அடையாளம் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினான். குழந்தை பிறந்திருக்கிறது, பெண் என்று அங்கிருந்தே சொன்னான். இடுப்பில் கருவி தொங்கியது. அதன் விளக்கு எரிகிறதா இல்லையா என்று வெயிலில் அவளுக்குத் தெரியவில்லை.

கருவி ஓடுதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவன் தலை உள்ளே மறைந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் தடுப்பைத் தாண்டி உள்ளே போய், கயிற்றின் நுனியைத் தன் கையிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்த ஆள் அவளை வேடிக்கையாகப் பார்த்தான். கீழே இருட்டிலிருந்து கருவியின் அலறலும் வரவில்லை, அவன் குரலும் வரவில்லை.