முன்பாலும் பின்பாலும்

தாய்ப்பால் வங்கியில் வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது. ரத்தம், சளி, சிறுநீர் என்று எதையாவது குழாயில் ஏற்றி முறைத்துப் பார்த்துப் பிழைக்கும் சக லேப்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். உயிர்வேதியியல் படித்துவிட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலில் கொழுப்பு அளக்கிறேன். குறைமாதத்தில் பிறந்து மூக்குக் குழாய் வழியாகப் பால் குடிக்கும் குழந்தைகளின் வார்டுக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

வெள்ளைக் கோடு

ஊசி போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டுப் பாலை ஏற்றி மெஷினில் சுழற்ற வேண்டும். கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஒத்துப்போகாது; கொழுப்புக்குக் கனமும் குறைவு. அதனால் அது தனியே பிரிந்து ஒரு முனையில் வெள்ளைக் கோடாக ஒதுங்கும். கோட்டின் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினால் வேலை முடிந்தது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பாண்டிச்செல்வியின் பாலில் கோடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவளுக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மாமியார் பேச்சியம்மாள் என் மேஜைக்கே வந்து குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டில் நாலு எருமை வைத்துக் கறப்பவர். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க எருமப் பாலுல விரல விட்டு எடுத்தா, விரல்ல ஒட்டுற ஆடைகூட இதுல இல்லையே, தாயி."

வயரும் உறையும்

அம்மாக்களுக்குக் கொழுப்பைப் பற்றிப் புரியும்படி சொல் என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபேன் சுவிட்சைப் பார்த்துப் பேசினேன். பாலில் இருக்கும் கொழுப்பு மூன்றே பல் உள்ள சீப்பு மாதிரி என்றேன். அதில் ஒரு பல்லை எடுத்துவிட்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும் ஒரு தலையை அங்கே வைத்தால், உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அதுதான் சுவர். தலைகள் தண்ணீர்ப் பக்கம், மிச்சம் இருக்கும் இரண்டு பல்லும் வால் மாதிரி, தண்ணீருக்குப் பயந்து உள்ளே. அதே எடைச் சர்க்கரையைவிடக் கொழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி இருக்கிறது. தோலுக்கு அடியில் அது இல்லாததால்தான் உங்கள் குழந்தைகள் சூடான கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

ஒருத்தி கொட்டாவி விட்டாள். கடைசியாக, மூளையிலிருந்து போகும் நரம்புகளை வயர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் இருக்கும் உறை பெரும்பாலும் கொழுப்புதான், உங்கள் குழந்தைகளுக்கு அது இனிமேல்தான் சுற்ற வேண்டும் என்று முடித்தேன். பாண்டிச்செல்வி மட்டும் கையைத் தூக்கினாள்.

"ஆக, எம் பிள்ளைக்கு வயரு இழுத்தாச்சு, மேலுறதான் இன்னும் போடல. அம்புட்டுத்தானக்கா?"

சாட்சி

அம்புட்டுத்தான். ஆனால் ஆறு நாளாகக் குழந்தையின் எடை ஏறவில்லை. ஒருநாள் பத்து கிராம் ஏறும். மறுநாள் அதே பத்து இறங்கும். எதிர்ப் பெட்டியில் தானப் பால் குடித்துக்கொண்டிருந்த பையனுக்குக் கன்னம் வைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஏறாவிட்டால் மறுபடி ஊசி போட்டு ரத்தத்தில்தான் சத்து ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குழந்தையின் கையில் ஊசி குத்தாத இடம் ஏற்கெனவே இல்லை.

பேச்சியம்மாள் பால்பவுடர் டப்பா வாங்கி வந்து, தலைமை நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டரிடம் வாதாடினார். பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்து நின்றாள். நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். ஏனென்றால் அவர் காட்டிய ஆதாரம் என்னுடைய நோட்டு.

"நான் சொன்னா மாமியா கொடுமைம்பீக. இந்தப் பிள்ள மெஷின்ல போட்டே எழுதியிருக்கு, இவ பாலு தண்ணின்னு."

இரண்டாம் குப்பி

பாண்டிச்செல்விக்குப் பால் நிறைய ஊறும். ஒரு தடவை எடுத்தால் ஒரு குப்பி நிறைந்து, அடுத்ததும் முக்கால் வரும். குழந்தைக்கு ஒரு குப்பியே அதிகம். மிச்சத்தை வங்கிக்குத் தானமாகக் கொடுத்துவிடுவாள். தானப் பாலையும் நான்தான் அளக்கிறேன். வியாழக்கிழமை அதில் ஒரு குப்பியின் கோடு நன்றாக நீளமாக இருந்தது. ஒட்டியிருந்த பெயர், பாண்டிச்செல்வி. சீட்டு மாறிவிட்டது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அதே பெயர், அதே கோடு.

சனிக்கிழமை காலை, கை கழுவும் தொட்டி அருகே அவளிடம், எந்தக் குப்பியை யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். இந்த வேலையில் நானாக ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"தேங்காப் பாலுல மொதப் பாலுதானக்கா கெட்டி? அத எம் பிள்ளைக்கு வச்சுக்கிட்டு, ரெண்டாம் பாலத்தான் தானத்துக்குக் குடுத்தேன். யாருட்டயும் சொல்லிராதீக."

ஜன்னல் வெளிச்சம்

தாய்ப்பால் தேங்காய்க்கு நேர் எதிர். முதலில் இறங்குவது நீர்த்த பால். கொழுப்பு உள்ளேயே ஒட்டிக்கொண்டு, மார்பு காலியாகக் காலியாகக் கடைசியில்தான் வரும். இது எனக்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. ஆனால் வீட்டில் ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிகிறவளும் நான்தான் என்பதால், அவள் சொன்னது ஒரு நிமிடம் எனக்கும் நியாயமாகவே பட்டது.

வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு எடுத்த இரண்டு குப்பியிலிருந்தும் இரண்டு குழாய் சுழற்றி, ரோஸ்லின் சிஸ்டர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டார். இரண்டும் பாண்டிச்செல்வி, இது முதலில் வந்தது, அது கடைசியில் வந்தது என்றேன். பேச்சியம்மாள் அங்கேதான் நின்றிருந்தார். தேங்காய் விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. பிறகு பாண்டிச்செல்வியே வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்ததால்தான் இங்கே எழுதுகிறேன்.

டாக்டரம்மா உத்தரவுப்படி மதியத்திலிருந்து குழந்தைக்குக் கடைசிப் பால், தானத்துக்கு முதல் பால். இனி ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணிப் பாலா என்று பாண்டிச்செல்வி கவலைப்பட்டாள். பல பேர் பாலையும் ஒன்றாகக் கலந்துதான் கொடுப்போம் என்ற பிறகு சமாதானமானாள். ஞாயிறு எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திங்கள் காலை இருபத்தைந்து கிராம். சிஸ்டர் நம்பாமல் இன்னொரு தடவை தராசில் வைத்தார். அதே இருபத்தைந்து. ஊசி எடுத்து வைத்திருந்த தட்டு திரும்பிப் போனது.

பேச்சியம்மாள் என் மேஜைக்கு வந்தார். மறுபடியும் ஒரு குழாயை வாங்கி ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மருமகள் கதவருகே நின்றாள். அவளைப் பார்க்காமல், குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எருமைக்குக் கடைசிப் பீச்சுலதான் கொழுப்பு நிக்கும்னு எனக்குத் தெரியும். மருமகளுக்கும் அப்படித்தான்னு யாரு கண்டா, தாயி?"

ஆக, இந்த விஷயத்தில் தேங்காய் ஏமாற்றியது, எருமை சரியாகச் சொன்னது, பட்டம் வாங்கிய நான் வாயைத் திறக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.