பானட்டில் கை வைக்காத நாள்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலை ஆறரைக்குப் போங்கள். பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், டீ கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். தேய்ந்துபோன என்ஜின் தன் குணத்தைக் காட்டுவது, ராத்திரி முழுக்க நின்றபிறகு போடும் முதல் ஸ்டார்ட்டில்தான். சூடேறிவிட்டால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் அது எனக்குப் பிடிபடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியவன். வொர்க்‌ஷாப்புகளில் கிடந்து கற்றதுதான் எல்லாம். இப்போது குனிந்தால் நிமிர முடிவதில்லை. அதனால் வண்டிக்கு அடியில் படுப்பதை விட்டுவிட்டு, வாங்குகிறவர்களோடு போய்ப் பார்த்துச் சொல்கிறேன். உள்ளே காலடியில் விரித்த மேட்டைத் தூக்கி மோந்து பார்ப்பேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஈரத்துணி வாடை அடிக்கும். கதவு ரப்பரை விலக்கிப் பார்ப்பேன். அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்தது அங்கே தெரிந்துவிடும். பாதித் திருவனந்தபுரம் என்னை நிபுணன் என்று நம்புகிறது. மீதிப் பாதி என் சொந்தக் காரைப் பார்த்திருக்கிறது.

அந்தக் காரை நான் வாங்கியது பகல் பன்னிரண்டு மணிக்கு. விற்றவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். இந்த ஊரில் எல்லோரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மலையாளத்தில் கூப்பிடுகிற அண்ணாச்சி வேறு. இவர் வாயைத் திறந்ததும் எனக்குத் தாமிரபரணியில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது.

“என்ன அண்ணாச்சி, வெயில்ல நின்னு பேசுதிய. உள்ள ஏறுங்க, ஏசியப் போட்டு வச்சிருக்கேன்.”

ஏறினேன். குளுகுளுவென்று இருந்தது. யார் வீட்டுக் கல்யாணம், எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று பேசினோம். பானட் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தேன். நீலப் புகையில் எதிர்வீடு காணாமல் போனது.

அப்புறம் நாலு வருஷம் நானும் அதற்கு என்னென்னவோ மாற்றினேன். பெட்ரோலைவிட என்ஜின் ஆயிலை ஆசையாகக் குடித்தது. முழுசாகப் பிரித்து வேலை செய்தால் வண்டியின் விலையைத் தாண்டும். என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்: “ஊரான் வண்டியெல்லாம் மோந்து மோந்து பாக்கிய. நம்ம வண்டி வாங்கும்போது மட்டும் உங்களுக்குச் சளி புடிச்சிருந்துச்சோ?”

அலுத்துப்போய், புது வண்டி விற்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனேன். அங்கே மதிப்புப் போடுகிறவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். “எக்ஸ்சேஞ்சில எடுக்கான் பற்றில்ல அண்ணாச்சி. ஆக்ரிக்குக் கொடுக்கு.” எடுக்க முடியாதாம். ஆக்ரி என்றால் இங்கே பழைய இரும்புக்கடை.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வண்டி பார்த்துத் தரச் சொல்லி வந்தார். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர், நாற்பது வயது இருக்கும். லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்களை அடிவாரத்து வித்துரா சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் வர சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். அதை வைத்துத்தான் இனிப் பிழைப்பு. மனைவியின் சங்கிலியும் அதற்காக அடகுக்குப் போயிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு சுற்றினேன். ஏழு வண்டிகளை வேண்டாம் என்றேன்.

“உங்க வண்டியக் குடுத்துரப் போறதா சொன்னீங்கல்ல,” என்றார் ஒரு நாள். “எனக்கே தாங்கண்ணே.”

“நீ அதுல ஏறி வந்ததோட சரி, சோதிச்சுப் பாக்கவே இல்லயே, தம்பி.”

“உங்க கைல இருந்த வண்டி. நீங்க சொன்னா மதி, வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்.”

மலைப்பாதையில் காட்டுக்கு நடுவே அந்த என்ஜின் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னேன். அன்றைக்கு ஒன்பதரைக்கே வண்டியை எடுத்துத் தம்பானூரை மூன்று சுற்றுச் சுற்றி, புகை அடங்கியபின் வாசலில் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. அவர் வந்தார், கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. என் வாய் தானாகவே பேசியது: “ஏன் தம்பி வெயில்ல நிக்க, உள்ள ஏறு. ஏசியப் போட்டு வச்சிருக்கேன்.”

சொல்லி முடித்ததும் எனக்கு அந்த நாலு வருஷக் களைப்பும் ஒன்றாக வந்தது. சாவியைத் திருப்பி அணைத்தேன்.

“பானட்டுல கைய வை.”

வைத்தார். “சூடாருக்கு.”

“சூடா இருந்தா என்ன செய்யணும்னு சொல்லிருக்கேன்?”

“திரும்பிப் போயிரணும்னு.”

“அப்பம் போ.”

அவர் சிரித்தார். இதுதான் எனக்கு வந்த வினை. ஆயுசு முழுக்கக் கேலி பேசியே காலத்தை ஓட்டியவன் நிஜத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? “அண்ணே, காலைலயே தமாஷா,” என்று பையைத் திறக்கப் போனார். நான் அந்தப் பையைப் பிடித்து மூடினேன். நாளைக் காலையில் ஆறரைக்கு வா, அதுவரை வண்டியைத் தொடமாட்டேன் என்றேன். சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் அவரே ஸ்டார்ட் செய்தார். மூன்றாவது முறை பிடித்தது. புகை மதில் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுச் சேச்சி இருமுவது கேட்டது. அவர் இறங்கி, புகை கலையும்வரை நின்றார்.

“இத எனக்கு விக்கப் பாத்தீங்களா அண்ணே?”

“பாத்தேன்.”

சாவியைப் பானட்டின்மேல் வைத்துவிட்டு, டீ வேண்டாம் என்று போனார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. “வித்துரால ஒரு வண்டி இருக்கு. ஞாயித்துக்கிழம ஆறரைக்கு வரணும்.”

“நானா?”

“வேற யாரு? நீங்க எப்டி ஏமாத்துவீங்கன்னு எனக்கு இப்பத் தெரியும். மத்தவங்களத் தெரியாதுல்ல.”

அதே காரில்தான் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அந்த வண்டியின் பானட்டில் கை வைத்துப் பார்த்து முடித்திருந்தார். குளிர்ந்திருக்கிறது என்றார். மேட்டைத் தூக்கி மோந்தார், கதவு ரப்பரை விலக்கினார். நான் சொல்லிக் கொடுத்த வரிசைதான், ஒன்றையும் விடவில்லை. முதல் ஸ்டார்ட்டிலேயே என்ஜின் பிடித்தது, புகையே இல்லை.

“எடுக்கட்டுமா?” என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

“எடு,” என்றேன்.

அவரும் விற்கிறவரும் விலை பேசி முடிக்கும்வரை எனக்கு அங்கே வேலை இல்லை. டிக்கியிலிருந்து கேனை எடுத்து, திரும்பிப் போவதற்கு என் வண்டிக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.