மாடிக்குப் போன பெட்டிகள்

என் பெரிய அண்ணிக்குக் கண் கூர்மை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? காது அதைவிடக் கூர்மை. வாசலில் கொரியர் வண்டி நின்றால், ஆள் இறங்குவதற்குள் அது கீழ் வீட்டுக்கா மாடி வீட்டுக்கா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் மாடிக்குத்தான். வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

மாடியில் என் சின்ன அண்ணன் குடும்பம். சின்ன அண்ணிக்கு மருத்துவமனையில் பில் போடுகிற வேலை. அவளிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. மாலையானால் ஏதாவது ஒரு பெட்டி படியேறும். மிக்சி, மின்விசிறி, மடக்கு மேசை, ஒருமுறை இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிப்போன வாஷிங் மெஷின்.

"அவ கார்டைத் தேய்க்கிறா, பொருளா வருது. நானும் நாள் முழுக்கத் தேய்க்கிறேன், தூசிதான் வருது" என்று போனில் என்னிடம் பொருமுவாள் பெரிய அண்ணி.

பொருமியதோடு நிறுத்தியிருக்கலாம். தானும் ஒரு கார்டு வாங்கினாள். பெரிய அண்ணன், "நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டு, வாங்கிக்கட்டிக்கொண்டு அடங்கிப்போனார். அப்புறமென்ன, மாடிக்கு மிக்சி வந்தால் கீழேயும் மிக்சி, அதைவிட ஒரு அளவு பெரியது. மாடிக்கு வாஷிங் மெஷின் என்றால் கீழே துணியை உலர்த்தியும் கொடுக்கிற வாஷிங் மெஷின். கடைசியில் முந்திக்கொண்டு, மாடிக்கு இன்னும் வராத ஒன்றையும் வாங்கிப் போட்டாள். சுவர் மூலையில் வளைந்து கிடக்கும் பெரிய சோபா.

கார்டு பில்லில் இரண்டு தொகை இருக்கும். கட்ட வேண்டிய மொத்தம் ஒன்று, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது ஒன்று. அண்ணி குறைந்தபட்சத்தைத் தேதி தவறாமல் கட்டினாள். "பேங்க்காரங்க நல்லவங்கடி. இவ்வளவு கட்டினா போதும்னு அவங்களே போட்டுடறாங்க" என்று எனக்குப் பெருமை வேறு. மீதிக்கு வட்டி ஏறி, அந்த வட்டிக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. லென்ஸில் மயிரிழை பிசகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு பில்லில் அந்த வட்டிக் கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை. மாடியைவிட்டுக் கண்ணை எடுத்தால்தானே!

இந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டார். "எனக்கு முடியலம்மா. கடையை நீயே எடுத்துக்கோ. வருஷக் கடைசிவரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றார். கல்யாணமாகி வந்த புதிதில் பெருக்கிக் கூட்டச் சேர்ந்து, மெஷினில் உட்காரும்வரை அவள் வளர்ந்த இடம் அது. அன்று போனில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கடையை வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கார்டுல இவ்வளவு பாக்கி நிக்குதே. முதல்ல அதை இறக்குங்க, அப்புறம் பேசலாம்."

"மாசாமாசம் கட்டறேனே சார்!"

"கட்டறீங்க. அது வட்டிக்கே சரியாப் போகுது."

பெரிய அண்ணி என்னை ஊரிலிருந்து துணைக்கு வரவழைத்தாள். கார்டு விவகாரம் தெரிந்த ஒரே ஆள் மாடியில் இருந்தாள். பெட்டிகள் வர ஆரம்பித்ததிலிருந்து பெரிய அண்ணி அந்தப் படியை மிதித்ததே இல்லை. நான் மிதித்தாலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். இப்போது பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிற மாதிரி ஏறினாள், பின்னாலேயே நான்.

மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய கட்டில். கொடியில் கையால் பிழிந்துபோட்ட துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடி எல்லாம்?" என்றாள் பெரிய அண்ணி.

"எதைக் கேக்கறீங்கக்கா?"

"வந்த பெட்டியெல்லாம்!"

சின்ன அண்ணி காபி ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "அதெல்லாம் எங்க நர்ஸுங்களோடதுக்கா. அவங்ககிட்ட கார்டு இல்ல. பணத்தை என் கையில கொடுத்தப்புறம்தான் ஆர்டர் போடுவேன். நீங்க கடைக்குக் கிளம்பினதும் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. பில் வந்தா மொத்தத்தையும் கட்டிடுவேன், வட்டியே கிடையாது. செலவுக்குக் கார்டுல சேர்ற பரிசு பாயின்ட் மட்டும் எனக்கு."

பெரிய அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். காபி அவள் கைக்கு வந்தது.

"சொன்னா சிரிப்பீங்க. உங்களைப் பாத்தா எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்க்கா. எனக்கு வர்றது விடிஞ்சா யார் வீட்டுக்கோ போயிடும். உங்களுக்கு வர்றது உங்க வீட்லயே இருக்கும். அந்த சோபா வந்த அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல."

பெரிய அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு பளபளப்பு! பில் இன்னும் இரண்டு மடிப்பு மடிந்து உள்ளங்கைக்குள் போனது. சொல்லாமலே இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொட்டு சொட்டாகக் காபியைக் குடித்தாள். அந்தக் காபி தீரவே கூடாது என்றுதான் அவளுக்கு இருந்திருக்கும். தீர்ந்தது.

"அதுல ஒண்ணுகூட இன்னும் என்னோடது இல்லடி" என்று பில்லை நீட்டினாள்.

சின்ன அண்ணி சிரிக்கவில்லை. கார்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பாக்கியைக் குறைந்த வட்டித் தவணைக்கு மாற்றச் சொல்லி வங்கியில் பேசினாள். வாஷிங் மெஷினை ஒரு நர்ஸ் வாங்கிக்கொண்டாள். சோபாவை மட்டும், "நானே எடுத்துக்கறேன்க்கா" என்று சொல்லி, மொத்தப் பணத்தையும் எண்ணிக் கையில் கொடுத்தாள். அதுவும் பாக்கியில்தான் போய் விழுந்தது.

வருஷக் கடைசிக்குச் சற்று முன்னால் வங்கி கடன் கொடுத்தது. கடை இப்போது பெரிய அண்ணி பெயரில். விடுமுறை நாளில் மாடிக்குக் காபி குடிக்கவும் போகிறாள். ஆனால் அந்த சோபாவில் உட்காரச் சொன்னால், "இடுப்பு பிடிச்சுக்கும்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். மாடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பெட்டி அது ஒன்றுதான்.